வாசனைதானே போச்சு!

‘வாசனைதானே போச்சு, உயிரா போச்சு?’

2020-லும் 2021-லும் இந்த வாக்கியத்தைச் சொல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. கேட்காத நோயாளியும் குறைவு. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்களில் அப்படிச் சொன்னதை மன்னிக்கலாம். அன்றைக்கு உயிர்தான் முதல் கணக்கு. ஆனால், இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் பிரச்னை. டாக்டர் சொல்கிறார், புருஷன் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், சட்டமும் சொல்லாமல் சொல்கிறது: ‘மூக்கு எல்லாம் ஒரு புலனா?’

நான் கேட்கிறேன்: ஒருவருக்குக் கண் பார்வை போனால், ‘பார்வைதானே போச்சு’ என்று சொல்வீர்களா? காது கேட்காமல் போனால், ‘வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிச்சே’ என்று ஜோக் அடிக்கலாம். ஆனாலும், டாக்டரிடம் கூட்டிப் போவீர்கள். மூக்குக்கு மட்டும் ஏன் நாதியில்லை?

‘அதெல்லாம் ரெண்டு வாரத்துல வந்துடும் ஸார்’ என்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும். உண்மைதான். வராதவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2022 ஜூலையில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஒரு கணக்கு வெளியிட்டது. 18 ஆய்வுகள், 3,699 நோயாளிகள். கோவிட்டில் வாசனையோ ருசியோ போனவர்களில் சுமார் 5.6 சதவிகிதம் பேருக்கு வாசனையும், 4.4 சதவிகிதம் பேருக்கு ருசியும் நீண்ட காலம் சரியாகாமல் இருக்கலாம் என்றது அது. ‘வெறும் அஞ்சு சதவிகிதம்’ என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். தமிழ்நாட்டில் அரசுக் கணக்கில் மட்டும் 35 லட்சத்துக்கு மேல் தொற்று. அதில் மூன்றில் ஒருவருக்குத்தான் வாசனை போனதாக வைத்துக்கொண்டு, வெளிநாட்டு சதவிகிதத்தை இங்கே பொருத்தினால்கூட அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. குத்துமதிப்புக் கணக்குதான். பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் முப்பதாயிரம் பேர். எங்கே அவர்கள்? யாராவது எண்ணினார்களா?

இந்த அலட்சியத்துக்கு மூல காரணம், நமக்கு வாயும் மூக்கும் எப்படி வேலை செய்கின்றன என்பதே தெரியாதது. ‘வாய்க்கு ருசியே இல்லை’ என்று ஒரே வாக்கியத்தில் மூன்று வேறு வேறு சமாசாரங்களைப் போட்டுக் குழப்புகிறோம்.

ஒரு சின்னப் பரிசோதனை. ஆரஞ்சு மிட்டாய் ஒன்று, எலுமிச்சை மிட்டாய் ஒன்று வாங்குங்கள். கண்ணை மூடி, மூக்கைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒன்றை வாயில் போடுங்கள். இனிப்பு தெரியும், கொஞ்சம் புளிப்பு தெரியும். எந்த மிட்டாய் என்று தெரியாது. இப்போது மூக்கை விடுங்கள். டக்கென்று ‘ஆரஞ்சு!’ என்பீர்கள். அந்த ஆரஞ்சு நாக்கில் இல்லை. வாயின் பின்புறம் வழியாக மூக்கின் உச்சிக்கு ஏறிப் போன மணம் அது. ‘ருசி’ என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு மூக்கின் உழைப்பு. பெயர் மட்டும் நாக்குக்கு!

நாக்குக்கு நேரடியாகத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் இகேடா பெயர் வைத்த ‘உமாமி’. அவ்வளவுதான்.

‘அப்ப காரம்?’ என்று கேட்கிறீர்கள், இல்லையா? நம் அறுசுவையில் கார்ப்பு உண்டு. ஆனால், நரம்பு விஞ்ஞானத்தில் காரம் ஒரு சுவையே அல்ல. அது வலி. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், நரம்பு நுனியில் உள்ள ஒரு கதவைத் திறக்கிறது. அதே கதவு, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கும். அதனால்தான் மிளகாய் கடித்தால் ‘சுடுது’ என்று மூளை அலறுகிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மிளகாயின் சுள், புதினாவின் ஜில், சோடாவின் சுருக், கடுகு மூக்கில் ஏறுவது எல்லாமே இந்த மூன்றாவது வழியில்தான் போகின்றன. ‘கெமெஸ்தீசிஸ்’ என்று இதற்கு வாயில் நுழையாத பெயர். நாம் ‘சுரீர்’ என்றே வைத்துக்கொள்வோம். இது முக்கியமாகப் போவது முகம் முழுக்கப் பரவியிருக்கும் ட்ரைஜெமினல் நரம்பில். வாசனை போவது தனி நரம்பில். சுவைக்கு வேறு நரம்புகள்.

மூன்று புலன், மூன்று பாதை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு அநியாயத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

சளி பிடித்தால் மணம் தெரியாதது எல்லோருக்கும் தெரியும். மூக்கு அடைத்துக்கொள்கிறது, காற்று மேலே போகவில்லை. அடைப்பு விட்டால் மணம் திரும்பும். ஆனால், சில வைரஸ்கள் அடைப்பை விட மோசமான வேலை செய்துவிட்டுப் போகும். சாதாரண ஃப்ளூவுக்குப் பிறகு மணம் நிரந்தரமாகத் தொலைத்தவர்கள் கோவிட்டுக்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே உண்டு. அவர்களில் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள் அதிகம். காது-மூக்கு-தொண்டைப் பாடப் புத்தகத்தில் இருந்த விஷயம்தான் இது. யாரும் பெரிதுபடுத்தவில்லை.

கோவிட் வந்துதான் உலகம் மூக்கைத் திரும்பிப் பார்த்தது. 2020 மார்ச்சில் பிரிட்டனின் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் சங்கம் முதலில் எச்சரித்தது. வேறு தொந்தரவே இல்லாமல் மணம் மட்டும் போகிறவர்களைத் தனிமைப்படுத்துங்கள் என்றது. நம் மத்திய சுகாதார அமைச்சகம் அறிகுறிப் பட்டியலில் அதைச் சேர்த்தது 2020 ஜூன் 13-ல். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவே, ‘மணம் தெரியலை’ என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள், தாத்தாவைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேரோ! மூக்கை மதிக்காததன் முதல் விலை அங்கேயே கொடுத்தாகிவிட்டது.

அதே 2020-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 4,039 கோவிட் நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். மூன்று புலனையும் தனித்தனியாகக் கேட்டதுதான் விசேஷம். நோய்க்கு முன், நோயின்போது என நூற்றுக்கு மார்க் போடச் சொன்னார்கள். வாசனை சராசரியாக சுமார் 80 மார்க் சரிந்தது. சுவை 69. சுரீர் 37. மூன்றுமே அடி வாங்கியிருந்தன, அதுவும் பெரிய மூக்கடைப்பு இல்லாமலே. இவை நோயாளிகள் தாங்களே சொன்னவை, இயந்திரம் அளந்தவை அல்ல. ஆனாலும் ‘எல்லாம் சளிதான்’ என்ற வாதம் அத்தோடு செத்துவிட்டது.

‘நாக்கு நல்லாத்தான் இருக்கு, மூக்கு போனதைத்தான் ருசி போச்சுன்னு சொல்றீங்க’ என்று ஒரு அரைகுறை விளக்கத்தையும் சில டாக்டர்கள் சொன்னார்கள். பல பேருக்கு அது சரி. எல்லோருக்கும் இல்லை. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 241 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2022-ல் சொன்னது: கோவிட் நோயாளிகளில் சுமார் 37 சதவிகிதம் பேருக்கு சுவை இழப்பு. அது வெறும் குழப்பம் அல்ல, நிஜமான இழப்பு. நோயாளி சொல்வதை நம்புவது அவ்வளவு கஷ்டமா?

உள்ளே என்ன நடக்கிறது? மூக்கின் உச்சியில் மணத்தைப் பிடிக்கும் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முட்டுக்கொடுத்து, சோறு தண்ணீர் காட்டிப் பராமரிக்கும் தாங்கு செல்களும் கூடவே உண்டு. கோவிட் வைரஸ் நுழையும் வாசல், நரம்பு செல்லில் இல்லை, தாங்கு செல்லில் இருக்கிறது என்று 2020-ல் ஹார்வர்டில் சந்தீப் ராபர்ட் தத்தா குழுவினர் காட்டினார்கள். சமையல்காரர் படுத்துவிட்டால் விடுதியே படுத்துவிடுகிற மாதிரி. பலருக்கு இந்த செல்கள் மறுபடி முளைத்து மணம் திரும்புகிறது. சிலருக்கு ஏன் திரும்பவில்லை? 2022 டிசம்பரில் ட்யூக் பல்கலைக்கழகக் குழு, நீண்டகாலமாக மணம் தெரியாதவர்களின் மூக்கிலிருந்து திசு எடுத்துப் பார்த்தது. வைரஸ் போய்விட்டிருந்தது. ஆனால், நோய் எதிர்ப்பு செல்கள் அங்கேயே முகாமிட்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நரம்பு செல்கள் குறைந்திருந்தன. ஆக, இது மனப்பிரமை இல்லை. ‘டென்ஷன்மா உனக்கு’ இல்லை. திசுவில் தெரியும் காயம்.

இப்போது அந்த அநியாயத்துக்கு வருகிறேன்.

மணம் இழந்த பெண்மணியிடம் வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘மிளகாய் வதக்கினா தும்முறே, வெங்காயம் நறுக்கினா கண்ல தண்ணி வருது, அப்புறம் என்ன மணம் தெரியலைங்கிறே? வேலை செய்ய சோம்பேறித்தனம்!’ அந்தத் தும்மலும் கண்ணீரும் ட்ரைஜெமினல் வேலை ஸார். சுரீர். வாசனை நரம்பு முழுக்க இறந்துபோனாலும் மிளகாய் நெடி ஏறும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் தெரியாமல் சொன்னால் போகட்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை மூக்கில் காட்டி, ‘தெரியுதா? தெரியுதில்ல? அப்ப ஒண்ணுமில்ல, போங்க’ என்று அனுப்பினால் அதுவும் அதே தப்புதான். ஸ்பிரிட், கற்பூரம், அம்மோனியா, தைலம் எல்லாம் சுரீர் நரம்பையும் தட்டுபவை. மூக்கைப் பரிசோதிக்க வேண்டுமானால் காபித்தூள் காட்டுங்கள், ரோஜா காட்டுங்கள், வெனிலா காட்டுங்கள். பார்வை பரிசோதிக்கிறேன் என்று கண்ணில் ஊதிப் பார்த்து, ‘இமை மூடுது, கண் நல்லா தெரியுது’ என்று யாராவது சொல்வார்களா?

இதன் பளு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் சமைக்கிறவள் பெண். தாளிப்பு எப்போது கருகும், பால் எப்போது திரிந்தது, நேற்றைய குழம்பு கெட்டுவிட்டதா என்று எல்லாவற்றையும் அவள் மூக்கால்தான் தீர்மானித்துவந்தாள். அது போய்விட்டால்? ‘என்ன குழம்பு இது, வாயில வைக்க முடியலை’ என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பவர், அதே குறையோடு கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். கண் குறைக்குக் கண்ணாடி, மூக்குக் குறைக்கு வசவு.

இன்னும் கொடுமை, மணம் கோணலாகத் திரும்பி வருவது. ‘பரோஸ்மியா’ என்பார்கள். காபி, வெங்காயம், பூண்டு, வறுத்த கோழி எல்லாம் சாக்கடை மாதிரி, அழுகல் மாதிரி குமட்டும். பழைய தமிழில் ‘நாற்றம்’ என்றால் நறுமணம். அது துர்நாற்றமாக மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின. பரோஸ்மியாக்காரருக்கு ஃபில்டர் காபி அப்படி மாற ஒரே ராத்திரி போதும். இதுவும் கற்பனை அல்ல. 2022-ல் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் காபியின் மணப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து முகரக் கொடுத்தார்கள். நமக்குக் கமகமவென்று இருக்கும் கந்தகம் கலந்த ஒரு மூலக்கூறு, இவர்களில் பெரும்பாலோருக்குக் குமட்டியது. இப்படிப்பட்டவர் சாப்பிடாமல் எழுந்தால், ‘நாக்கு நீளம்’ என்கிறோம்.

வயதானவர்களை நினைத்துப் பாருங்கள். ருசி தெரியாமல் சாப்பாடு குறையும். அல்லது ருசி தேடி உப்பும் சர்க்கரையும் ஊறுகாயும் கூடும். பி.பி.யும் சுகரும் உள்ள உடம்பில் அது எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அடுப்படி சிலிண்டர். சமையல் கேஸுக்குத் தானாக மணம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். 1937 மார்ச் 18-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், மணமில்லாத கேஸ் கசிந்து பள்ளிக்கூடமே வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே சட்டம் போட்டு நாற்றம் சேர்த்தார்கள். இந்தியாவில் 30 கோடிக்கு மேல் வீட்டு சிலிண்டர் இணைப்புகள் உள்ளன. ஒவ்வொரு வீட்டின் முதல் பாதுகாப்பும் ஒரு மனித மூக்குதான். அந்த மூக்கு வேலை செய்கிறதா என்று யாராவது எப்போதாவது கேட்டிருக்கிறார்களா? சிலிண்டர் போட வருகிறவர் ரெகுலேட்டரைப் பார்க்கிறார், ட்யூபைப் பார்க்கிறார். ‘அம்மா, உங்களுக்கு மணம் தெரியுமா?’ என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது.

அரசும் மருத்துவமும் விட்ட இடத்தில் யார் புகுந்தார்கள்? வாட்ஸ்அப் வைத்தியர்கள். கற்பூரமும் ஓமமும் கிராம்பும் மூட்டை கட்டி முகருங்கள் என்றார்கள். முகர்ந்தால் சுரீர் என்று ஏறும், ‘ஆஹா, மூக்கு திறந்துடுச்சு’ என்று தோன்றும். ஏமாற்று எங்கே இருக்கிறது என்று இப்போது உங்களுக்கே புரியும். 2021 மே மாதம் இங்கே பொது இடங்களிலேயே ஆவி பிடிக்கும் ஏற்பாடு செய்தார்கள். வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் சொல்ல வேண்டியிருந்தது. அடைப்பே இல்லாத மூக்குக்கு ஆவி எதற்கு? தானாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டவர்களும் உண்டு. மணத்துக்காக எடுத்தவுடன் ஸ்டீராய்டு மாத்திரை வேண்டாம், முதலில் வாசனைப் பயிற்சி கொடுங்கள் என்று பல நாட்டு நிபுணர்கள் 2021-லேயே எழுதிவிட்டார்கள். சளிக்கென்று விற்ற ஜிங்க் ஜெல்லை மூக்கில் போட்டவர்களுக்கு மணமே போவதாக 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்த கதையும் உண்டு. மூக்கில் எதையும் ஊற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

உருப்படியான வைத்தியம் என்று இருப்பது ரொம்ப எளிமையானது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹூம்மெல் 2009-ல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு மணங்களை காலையும் மாலையும் ஒவ்வொன்றாகப் பத்து விநாடி கவனமாக முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். யூகலிப்டஸ் பரிசோதனைக்கு உதவாது, பயிற்சிக்கு இருக்கலாம். மாயமந்திரம் இல்லை. எல்லோருக்கும் பலிக்காது. ஆனால், செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை மருத்துவமனைகளில் சொல்லி அனுப்பினார்கள்?

‘காது மூக்கு தொண்டை’ என்று போர்டு வைத்திருக்கிறார்களே, காதுக்கு ஆடியோகிராம் உண்டு. மூக்குக்கு? வெளிநாட்டில் வாசனை அறியும் சோதனை அட்டை 1984-லேயே வந்துவிட்டது. அதில் ரூட் பியர், டில் பிக்கிள் எல்லாம் இருக்கிறது. நம் ஊர் ஆயாவுக்கு ரூட் பியரைக் காட்டினால் என்ன சொல்வாள்? பெருங்காயம், மல்லிகை, ஏலக்காய், காபி வைத்து நமக்கென்று ஒன்றை வட்டார மருத்துவமனை வரை கொண்டுபோவது ராக்கெட் விஞ்ஞானமா? ராக்கெட்டே விடுகிறோமே!

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. வாசனை இழப்பு அதில் இல்லை. பார்வையிழந்தவருக்குச் சமமான சலுகை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால், தேயிலை ருசி பார்ப்பவருக்கும், அத்தர் கலப்பவருக்கும், ஹோட்டல் சரக்கு மாஸ்டருக்கும் மூக்குதான் முதலீடு. அது போனால் அவர் எந்த வரிசையில் போய் நிற்பது?

தொல்காப்பியம் உயிர்களை அறிவு வாரியாக வரிசைப்படுத்தியபோது, மூன்றாவது அறிவாக மூக்கை வைத்தது. அந்த மூன்றறிவு வரிசையில் கறையானையும் எறும்பையும் சேர்த்தது. எறும்புக்கே மரியாதையோடு எண்ணிக் கொடுத்த புலன் அது. ஆறறிவு படைத்த நாம்தான் அதை ‘வெறும் வாசனை’ ஆக்கிவிட்டோம்.

நீங்கள் இன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும், முக்கியமாக அடுப்படியில் நிற்பவரையும், தனியாக இருக்கும் பெரியவர்களையும் கண்ணை மூடச் சொல்லிக் காபித்தூள் டப்பாவை மூக்கருகே காட்டுங்கள். யாராவது ‘தெரியலை’ என்றால் சிரிக்காதீர்கள். முதலில் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ட்யூப் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஒரு கேஸ் கசிவு அலாரம் வாங்கித் தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சமையல் கேஸ் காற்றை விடக் கனம், கீழேதான் தேங்கும்.

அதற்கு அப்புறம், சாப்பாட்டில் உப்பைப் பற்றிப் பேசலாம்.